மென்பொருளுக்கு ஒரு முத்திரை

பழனிக்குச் செல்வோர் பஞ்சாமிர்தம் வாங்காமல் திரும்புவது அரிது. மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பசுநெய், தேன், ஏலக்காய் ஆகியவற்றுடன் பேரீச்சம்பழமும் கற்கண்டும் சேர்ந்து அமைவது அது. வாழைப்பழம் பழனி மலைச் சரிவுகளிலிருந்து வருகிறது. சர்க்கரை ஈரோட்டுப் பக்கத்துக் கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்து வருகிறது. முன்னாளில் கையாற் பிசைந்து செய்யப்பட்ட இப்பண்டத்தை, இந்நாளில் தேவஸ்தானத்தார் இயந்திரங்களைக் கொண்டு தயாரித்து, டப்பாக்களில் அடைத்து, மூடி விற்கின்றனர். 2019-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

டப்பாவை வாங்குபவர் மனத்தில் இரண்டு வினாக்கள் இருக்கின்றன. இதைச் செய்தவர் யார் என்பது ஒன்று. செய்த இடத்திலிருந்து நம் கைக்கு வரும் வரை இடையில் எவரேனும் திறந்து எதையேனும் கலந்தனரா என்பது மற்றொன்று. மேலே அச்சிட்ட பெயர் முதல் வினாவுக்கும், பிரியாத மூடி இரண்டாம் வினாவுக்கும் விடை கூறுகின்றன. மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. அதைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. இயந்திரத்துக்குள் சென்ற பழமும் சர்க்கரையும் நல்லவைதாமா? அதற்கு மூடி விடை கூறாது. இந்த மூன்று வினாக்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் ஆராயப் போகும் பொருள் கணிப்பொறியைப் பற்றியதாயினும், இம்மூன்று வினாக்களுக்குள் அது முழுவதும் அடங்கிவிடும்.

மென்பொருள் என்பது மனிதர் எழுதும் கட்டளைகளின் தொகுப்பு. எழுதுபவர் தமக்குப் புரியும் மொழியில் எழுதுகிறார். அதற்கு மூலநிரல் என்று பெயர். கணிப்பொறிக்கோ கைப்பேசிக்கோ அம்மொழி நேரே புரியாது. ஆகவே மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்ற வேண்டும். பிறர் முன்பே எழுதி வைத்த துணைப் பகுதிகளைச் சேர்க்க வேண்டும். சோதித்துப் பார்க்க வேண்டும். பின்னர் ஒரே பொட்டலமாகக் கட்ட வேண்டும். இவ்வேலை முழுவதையும் 'பில்ட்' என்று அத்தொழிலில் உள்ளோர் கூறுவர். முன்பு ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு படியாகச் செய்துவந்தார். இப்பொழுது ஒரு தனிக் கணிப்பொறி, மூலநிரலில் மாற்றம் நேர்ந்த உடனே, ஒருவர் கையும் படாமல் இத்தனையும் செய்து முடிக்கிறது. அதைப் 'பில்ட் சர்வர்' என்பர். ஒரு வாயிலில் வாழைப்பழமும் சர்க்கரையும் செல்ல, மறு வாயிலில் மூடிய டப்பாக்கள் வரிசையாக வருவது போன்றதே இது.

வரிசையில் வரும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முத்திரையிடும் வேலைக்குக் 'கோட் சைனிங்' என்று பெயர். நாம் அதை மென்பொருட் கையொப்பம் என்று அழைப்போம்.

முத்திரை தமிழர்க்குப் புதிதன்று. சோழர் காலத்துச் செப்பேடுகளைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகளைக் கொண்டது. ஏடுகளில் துளையிட்டு, ஒரு வளையத்தில் அவற்றைக் கோத்து, வளையத்தின் இரு முனைகளும் சேரும் இடத்தில் புலியும் மீனும் வில்லும் பொறித்த அரச முத்திரையை வைத்தனர். இதில் அமைந்துள்ள அறிவை எண்ணிப் பாருங்கள். முத்திரையைச் சிதைக்காமல் ஓர் ஏட்டை உருவ இயலாது; புதிய ஏடு ஒன்றைச் செருகவும் இயலாது. முத்திரை அரசனின் பெயரை மட்டும் கூறவில்லை. 31 ஏடுகளையும் ஒன்றாகப் பிணைத்தும் வைத்தது. நல்ல கையொப்பத்தின் இலக்கணம் இதுவே. இட்டவரையும் காட்ட வேண்டும். உள்ளடக்கத்தையும் கட்ட வேண்டும்.

காகிதத்தில் இடும் கையெழுத்து இவ்விலக்கணத்துக்கு முழுவதும் பொருந்துவதில்லை. ஒரே கையெழுத்தை ஓர் உறுதிமொழியின் கீழும் இடலாம். கடன் பத்திரத்தின் கீழும் இடலாம். ஒன்றிலிருந்து பெயர்த்து மற்றொன்றில் ஒட்டவும் வஞ்சகர் வல்லவர். கணிப்பொறியிலோ எதையும் ஒரு நொடியில் படியெடுக்கலாம். ஆகையால் அங்கே கையொப்பம் பொருளுக்குப் பொருள் மாற வேண்டும். அதை எவ்வாறு நிறைவேற்றினர் என்று காண்போம்.

முதற்படி, பொட்டலத்தின் விரல்ரேகையை எடுப்பது. ஒரு கோப்பு எவ்வளவு பெரிதாயினும் அதிலிருந்து குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணைக் கணக்கிட்டு எடுக்கும் முறைகள் உள்ளன. அவற்றை 'ஹாஷ்' என்பர். 'ஷா-256' என்னும் முறை இன்று பெருவழக்கில் உள்ளது. அது தரும் விடை 64 குறிகளில் அடங்கும். கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904-ஆம் ஆண்டு முதல் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இப்பொழுது எண்ணுருவில் மாற்றப்பட்டுக் கோப்புகளாகியுள்ளன. அவற்றுள் ஒரு படத்தில் ஒரே ஒரு புள்ளியின் நிறத்தை மாற்றினால் கண்ணுக்கு எவ்வித வேறுபாடும் தோன்றாது. ஆனால் ஹாஷ் விடையோ முற்றிலும் வேறாகிவிடும். அன்றியும், ஒரு விரல்ரேகையைக் கொடுத்து, அதே ரேகையுடைய மற்றொரு கோப்பைச் செய்து காட்டு என்றால், இன்று நாம் அறிந்த எந்த வழியாலும் அது இயலாது.

இரண்டாம் படி, அந்த விரல்ரேகையின் மேல் கையொப்பம் இடுவது. 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விட்பீல்டு டிப்பி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவர் ஒரு புதுக் கருத்தை வெளியிட்டனர். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதை விடுத்து, இணைந்த இரண்டு சாவிகள் இருக்கட்டும். ஒன்றை உலகுக்கெல்லாம் அறிவிக்கலாம், மற்றொன்றை உரியவர் மறைத்து வைத்துக்கொள்ளலாம் என்றனர். மறு ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் அதைப் பகா எண்களைக் கொண்டு நடைமுறையில் செய்து காட்டினர். மூவர் பெயரின் முதலெழுத்துகளால் அது 'ஆர்.எஸ்.ஏ.' முறை எனப்படுகிறது.

பள்ளி மாணவரும் இதைக் காகிதத்தில் செய்து பார்க்கலாம். 3, 11 என்னும் இரு பகா எண்களைப் பெருக்க 33 கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஒன்று குறைத்துப் பெருக்கினால் 2 பெருக்கல் 10, அதாவது 20. இப்பொழுது 3 என்பதைப் பொதுச் சாவியாகக் கொள்வோம். 3-உடன் பெருக்கி 20-ஆல் வகுக்கும்போது மீதி 1 தரும் எண் எது? 7. ஏனெனில் மூவேழு 21. எனவே 7 தனிச் சாவி; அது கையொப்பமிடுபவருக்கு மட்டுமே தெரியும். 33, 3 ஆகிய இரண்டும் ஊருக்கெல்லாம் தெரியலாம்.

பொட்டலத்தின் விரல்ரேகை 4 என்று வைத்துக்கொள்வோம். 4-இன் ஏழாம் அடுக்கு 16,384. அதை 33-ஆல் வகுக்க மீதி 16. இந்த 16 என்பதே கையொப்பம். பெறுபவர் என்ன செய்கிறார்? கையொப்பமாகிய 16-இன் மூன்றாம் அடுக்கைக் காண்கிறார். அது 4,096. அதை 33-ஆல் வகுக்க மீதி 4. தாமே பொட்டலத்தின் விரல்ரேகையைத் தனியாக எடுத்துப் பார்க்கிறார், அதுவும் 4. இரண்டும் ஒத்தன, பொட்டலம் மாறவில்லை. இடையில் ஒருவன் பொட்டலத்தை மாற்றியிருந்தால் விரல்ரேகை 4-ஆக இராது. 7 என்னும் இரகசியம் தெரியாமையால், புதிய ரேகைக்கு ஏற்ற கையொப்பத்தை அவனால் உண்டாக்கவும் இயலாது.

33-ஐ 3 ஆகவும் 11 ஆகவும் பிரிக்க ஐந்தாம் வகுப்பு மாணவனும் அறிவானே என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான். ஆகையால் நடைமுறையில் மிகப் பெரிய எண்களைக் கொள்கின்றனர். 3,072 பிட் நீளமுள்ள ஆர்.எஸ்.ஏ. எண் ஏறத்தாழ 925 இலக்கங்கள் கொண்டது. அத்தகைய எண்ணை அதன் பகாக் காரணிகளாகப் பிரிக்க இன்றுள்ள கணிப்பொறிகளால் இயலாது. பெருக்குவது எளிது, பிரிப்பது அரிது என்னும் அந்த ஒரு வேற்றுமையின் மேல்தான் இம்முறை முழுவதும் நிற்கிறது.

இனி ஓர் ஐயம் எஞ்சுகிறது. பொதுச் சாவி இன்னாருடையது என்று நமக்கு உறுதி கூறுபவர் யார்? அதற்குச் சான்றளிக்கும் நிறுவனங்கள் உள்ளன. 'இந்தப் பொதுச் சாவி இந்த நிறுவனத்துக்கு உரியது' என்று எழுதி, அவை தம் கையொப்பத்தை இட்டு ஒரு சான்றிதழ் வழங்குகின்றன. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 17-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் அளித்து மேற்பார்வை செய்யக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் அமர்த்தப்பட்டார். டிஜிலாக்கரில் நீங்கள் காணும் மதிப்பெண் பட்டியல் போன்ற ஆவணங்களை நம்ப முடிவதும் இத்தகைய கையொப்ப முறையால்தான்.

இக்கையொப்பத்தைத் தானியங்கும் பில்ட் வரிசையில் எங்கே, எவ்வாறு சேர்ப்பது? பலர் எளிதென்று எண்ணும் இடம் இதுவே. பெரும் பிழைகள் நேரும் இடமும் இதுவே. முதலில் தோன்றும் எண்ணம், தனிச் சாவியைப் பில்ட் சர்வரிலேயே ஒரு கோப்பாக வைத்துவிடலாம் என்பது. வேலை எளிதில் முடியும். ஆனால் அந்தச் சர்வருக்குள் நுழையக் கூடிய எவரும் சாவியைப் படியெடுத்துச் செல்லலாம். முத்திரை மோதிரத்தைச் சமையற்கட்டில் தொங்கவிட்டது போலாகும். ஆகையால் சாவியைத் தனி வன்பொருட் பெட்டகத்தில் வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. அப்பெட்டகம் உள்ளிருந்தே கையொப்பமிடும். சாவியை ஒருபொழுதும் வெளியே விடாது. 2023 ஜூன் 1 முதல், பொது நம்பிக்கைக்குரிய மென்பொருட் கையொப்பச் சான்றிதழ்களுக்கு இத்தகைய பெட்டகம் கட்டாயமாக்கப்பட்டது.

அப்படியாயின் நல்ல வரிசை எவ்வாறு அமையும்? மூலநிரலை இருவரேனும் படித்து ஒப்புக்கொள்வர். பில்ட் சர்வர் பொட்டலத்தைக் கட்டிச் சோதிக்கும். பின்னர் அதன் விரல்ரேகையை மட்டும் கையொப்பமிடும் சேவைக்கு அனுப்பும். அச்சேவை, கேட்பது உரிய சர்வர்தானா, கேட்கப்படும் வேலை ஒப்புதல் பெற்றதுதானா என்று ஆராய்ந்து, கையொப்பமிட்டு, இன்ன நாளில் இன்ன பொட்டலத்துக்கு இட்டேன் என்று பதிவேட்டில் எழுதி வைக்கும். சோதனைப் பதிப்புகளுக்கு ஒரு சாவியும், மக்களுக்குச் செல்லும் பதிப்புக்கு வேறொரு சாவியும் இருக்கும். பின்னவற்றுக்குப் பொறுப்பான மனிதர் ஒருவரின் இசைவும் வேண்டும். கையொப்பத்துடன், நேரத்துக்குச் சான்று கூறும் வேறொரு நிறுவனத்தின் காலக்குறியும் சேர்க்கப்படும். சான்றிதழின் காலம் முடிந்த பின்னரும், அது உயிருடன் இருந்தபோதே இடப்பட்ட கையொப்பம் இது என்று காட்ட அக்குறி உதவும்.

சோழர் ஆட்சியிலும் அரசன் வாய்மொழியாக இட்ட ஆணை நேரே ஊருக்குச் செல்லவில்லை. திருமந்திர ஓலை என்னும் அலுவலர் அதை எழுதினார். திருமந்திர ஓலை நாயகம் அதைப் பார்த்து ஒப்பினார். பின்னர் அது வரிப் புத்தகத்தில் ஏற்றப்பட்டது. எழுதுபவர் வேறு, ஒப்புபவர் வேறு, பதிபவர் வேறு. அந்தப் பிரிவினையே இங்கும் காவலாக நிற்கிறது.

இவையெல்லாம் மிகையான எச்சரிக்கையல்ல என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகளைக் கூறுவேன்.

2010-ஆம் ஆண்டில் 'ஸ்டக்ஸ்நெட்' என்னும் தீய மென்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. ஈரான் நாட்டின் அணுப்பொருள் ஆலையைக் குறிவைத்து அனுப்பப்பட்டதாகக் கருதப்படும் அது, இந்தியா உட்பட வேறு நாடுகளின் கணிப்பொறிகளிலும் பரவியது. அதன் பகுதிகள் இரண்டு தைவான் நிறுவனங்களின் உண்மையான கையொப்பத்தைத் தாங்கியிருந்தன. அந்நிறுவனங்களின் தனிச் சாவிகள் களவுபோயிருந்தன. கணிப்பொறி கையொப்பத்தைச் சோதித்தது. கணக்கு சரியாக வந்தது. பகைவன் உள்ளே சென்றான். சாவியைக் காக்காதவரின் முத்திரை கள்வனுக்கும் முத்திரையாகிவிடும்.

இரண்டாவது, நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 2014 ஜூலையில், கூகுள் நிறுவனத்தின் வலைத்தளப் பெயர்களுக்கு, அந்நிறுவனம் கேளாமலே சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பது தெரியவந்தது. அவற்றை வழங்கியது தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவு. வழங்கும் முறையினுள் எவரோ ஊடுருவியிருந்தனர். கட்டுப்பாட்டு அதிகாரியின் அலுவலகம் அம்மையத்தின் சான்றிதழ்களை உடனே செல்லாதனவாக்கியது. இது வலைத்தளச் சான்றிதழ் பற்றியதேயன்றி மென்பொருட் கையொப்பம் பற்றியதன்று. ஆயினும் பாடம் ஒன்றே. சான்று கூறுபவரையும் மேற்பார்க்க ஒருவர் வேண்டும். கெட்ட சான்றை விரைந்து நீக்க வழியும் வேண்டும்.

மூன்றாவதே மிகவும் நுட்பமானது. 'சோலார்விண்ட்ஸ்' என்னும் அமெரிக்க நிறுவனம், பெரிய அலுவலகங்களின் கணிப்பொறி வலைகளைக் கண்காணிக்கும் மென்பொருளை விற்றுவந்தது. பகைவர் அந்நிறுவனத்தின் சாவியைத் திருடவில்லை; பில்ட் சர்வருக்குள் புகுந்தனர். பொட்டலம் கட்டப்படும் அந்தச் சில கணங்களில் மட்டும் ஒரு மூலக் கோப்பை மாற்றிவைத்து, வேலை முடிந்ததும் பழையதை மீண்டும் வைத்துவிட்டனர். எழுதியவர் பார்த்தால் மூலநிரல் தூயதாகவே இருக்கும். வெளிவந்த பொட்டலத்திலோ நஞ்சு இருக்கும். அதன் மேல் நிறுவனத்தின் மெய்யான கையொப்பமும் இருக்கும். ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அப்பதிப்பைப் பெற்றனர். 2020 டிசம்பரில்தான் உலகம் இதை அறிந்தது.

தொடக்கத்தில் கூறிய மூன்றாம் வினாவை இப்பொழுது நினைத்துப் பாருங்கள். மூடி பிரியவில்லை, பெயரும் சரியானது, ஆனால் கொப்பரைக்குள்ளேயே கேடு கலந்துவிட்டது. இதற்குக் கையொப்பம் மருந்தன்று. ஒரே மூலநிரலை வெவ்வேறு இடங்களிலுள்ள இரண்டு மூன்று கணிப்பொறிகளில் தனித்தனியே கட்டி, வரும் பொட்டலங்கள் ஓர் எழுத்தும் மாறாமல் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதே மருந்து. டெபியன் என்னும் திறந்த மென்பொருள் இயக்கத்தார் பல ஆண்டுகளாக இப்பணியில் ஈடுபட்டுள்ளனர்.

டெபியன் நமக்கு அயலானதன்று. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளம் அதன் வழி வந்ததே. 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் கைக்கு அது வந்து சேர்ந்தது. டெபியனில் பல்லாயிரம் பொட்டலங்கள் உண்டு. ஒவ்வொன்றின் விரல்ரேகையையும் பட்டியலாக எழுதி, அப்பட்டியல்களின் விரல்ரேகைகளை ஒரே ஏட்டில் எழுதி, அந்த ஏட்டின் மேல் கையொப்பமிடுகின்றனர். ஒரு பொட்டலத்தை மாற்றினால் பட்டியல் பொய்க்கும்; பட்டியலை மாற்றினால் ஏடு பொய்க்கும்; ஏட்டை மாற்றினால் கையொப்பம் பொய்க்கும். திருவாலங்காட்டு வளையம் 31 ஏடுகளைக் கோத்ததை இது பல்லாயிரம் ஏடுகளுக்குச் செய்கிறது.

கையொப்பம் இட்டால் மட்டும் போதாது. அதைப் பார்ப்பவரும் வேண்டும். 2024 மே 7-ஆம் நாள், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, கோடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. மலைப்பாதையில் நிறுத்தி அதைப் பார்ப்பவர் இல்லையென்றால் அச்சீட்டினால் என்ன பயன்? அவ்வாறே, 'தெரியாத இடத்திலிருந்து வரும் செயலி' என்று கைப்பேசி தடுத்து எச்சரிக்கும்போது, 'பரவாயில்லை, நிறுவு' என்று விரலை அழுத்துபவர் சாவடியின் கதவைத் தாமே திறந்துவிடுகிறார்.

இங்கே மாணவர்கள் உற்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசி, கையொப்பம் இல்லாத செயலியை ஏற்பதே இல்லை. ஆனால் எவரும் தமக்குத் தாமே சாவி செய்து கையொப்பமிட்டுக்கொள்ள அது இடம் தருகிறது. பழைய பதிப்பை இட்ட அதே சாவியால்தான் புதிய பதிப்பும் இடப்பட்டதா என்பதையே அது முக்கியமாகப் பார்க்கிறது. திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் பெயரிட்டு வாட்ஸ்அப் வழியே அனுப்பப்படும் ஏ.பி.கே. கோப்புகளால் நம் நாட்டில் பலர் வங்கிப் பணத்தை இழந்துள்ளனர். அக்கோப்புகளிலும் கையொப்பம் உண்டு. அது கள்வனின் கையொப்பம். கையொப்பம் 'யார்' என்பதைக் கூறுமேயன்றி, 'எத்தகையவர்' என்பதைக் கூறாது. இந்த வேறுபாட்டை உங்கள் வீட்டிலுள்ள பெரியோருக்கு எடுத்துச் சொல்லுங்கள். உரிய அங்காடியிலிருந்தன்றி வேறு எங்கிருந்தும் செயலியை ஏற்க வேண்டா என்று அவர்களுக்கு விளக்குவது இன்று பிள்ளைகளின் கடமை.

உங்களுள் சிலர் நாளை மென்பொருள் எழுதுவீர்கள். மருத்துவமனையின் கருவியையோ, மின்வாரியத்தின் கணக்கையோ, ஆசிரியர் ஒருவரின் ஓய்வூதியத்தையோ உங்கள் வரிகள் இயக்கக் கூடும். அந்நாளில் தனிச் சாவி உங்கள் பொறுப்பில் இருக்கும். அவசரம் என்று ஒருவர் கேட்டாலும் அதைக் கைமாற்றிக் கொடாதீர்கள். பதிவேட்டில் எழுதாமல் கையொப்பமிடாதீர்கள். பார்க்காத பொருளுக்கு முத்திரை வையாதீர்கள். இயந்திரம் நொடிக்கு நூறு முத்திரை இடும். ஆனால் அம்முத்திரைக்குப் பின்னால் பெயர் கொடுத்து நிற்பவர் ஒரு மனிதர்தாம்.